வலிக்கு எத்தனை பெயர்!

உடல்நலம் குன்றியவர் முதலில் நாடிச் செல்வது பெரிய மருத்துவமனையை அன்று. தெருமுனையில் சிறிய அறையில் அமர்ந்திருக்கும் மருத்துவரையே. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தூக்கமின்மை என எல்லாம் அவரிடம் ஒரே காலைப்பொழுதில் வந்து சேரும். யாருக்கு ஓய்வு மட்டும் போதும், யாருக்கு மாத்திரை வேண்டும், யாரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிவதே அவருடைய கலை. அக்கலையில் தவறினால் இழப்பு பெரிது.

தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றின் அருகே அத்தகைய மருத்துவர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகிறார். அவர் பஞ்சாபைச் சேர்ந்தவர். அவரிடம் வருவோரோ வங்காளியர், மலையாளிகள், தெலுங்கர், தமிழர் எனப் பலர். "இந்தியாவைச் சுற்றிப் பார்க்க நான் இரயில் ஏற வேண்டியதில்லை, வயிற்றுவலி வந்தால் இந்தியாவே என்னிடம் வந்துவிடுகிறது" என்று அவர் நகைத்துக் கூறுவார்.

மருத்துவரின் முதற்கருவி எது என்று பிள்ளைகள் கேட்டால், அவர் தம் காதைத் தொட்டுக் காட்டுவார். ஸ்டெதாஸ்கோப் தோன்றிய கதையையும் சொல்வார். 1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லென்னெக் என்னும் மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் இதயத் துடிப்பை அறிய வேண்டியிருந்தது. அந்நாளில் மருத்துவர்கள் நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பது வழக்கம். அவ்வாறு செய்யத் தயங்கிய லென்னெக், காகிதத்தைக் குழாய்போலச் சுருட்டி, ஒரு முனையை அப்பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். துடிப்பு முன்னினும் தெளிவாகக் கேட்டது. பின்னர் அவர் மரத்தால் அக்குழாயைச் செய்துகொண்டார். "அவர் காகிதத்தைச் சுருட்டினார், உலகம் போற்றியது, நீங்கள் வகுப்பில் சுருட்டினால் மட்டும் ஏனோ ஆசிரியர் கோபிக்கிறார்" என்று மருத்துவர் கண் சிமிட்டுவார்.

அடுத்து அவர் சொல்வது வேடிக்கையன்று. "இக்கருவியைக் காதில் மாட்டிய பின் நோயாளி பேசினால் எனக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே முதலில் அவர் பேசட்டும். பிறகு இதயம் பேசட்டும்."

நோயாளி பேசலாம், எந்த மொழியில் பேசுவது? அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைவீதியில் இந்தியும் பேசிப் பழகியவரும், வலி வந்தால் தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறார். தமிழில் வலிக்குத்தான் எத்தனை பெயர்! ஊசி பாய்வதுபோல் இருந்தால் குத்தல்; எலும்புக்குள் ஏதோ துளைப்பதுபோல் இருந்தால் குடைச்சல்; நெடுநேரம் நடந்த கால்களில் தோன்றுவது கடுப்பு; புளித்த ஏப்பத்தோடு நெஞ்சில் எழுவது எரிச்சல். இவை அனைத்தையும் 'வலி' என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டால், மருத்துவர் அறிய வேண்டிய பாதிச் செய்தி அங்கேயே மறைந்துபோகும்.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதிலும் இடர் உண்டு. ஒருமுறை காய்ச்சலுற்ற பாட்டி ஒருவர், "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்போல இருக்கு" என்றார். உடன் வந்த பேரன், "உடம்பெல்லாம் அடித்துப் போட்டிருக்கிறார்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டான். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "யார் அடித்தது?" என்று கடுமையாகக் கேட்டார். பேரன் விழித்தான். உண்மை விளங்கியபோது பாட்டியே காய்ச்சலை மறந்து சிரித்தார். அன்றே மருத்துவர் ஒரு சிறு குறிப்பேடு வாங்கினார். வலியைக் குறிக்கும் பல மொழிச் சொற்களை அதில் தேவநாகரி எழுத்தில் குறித்துவைக்கத் தொடங்கினார்.

அக்குறிப்பேட்டில் தமிழுக்கென ஒதுக்கிய பக்கத்தில் ஒரு சொல் மட்டும் சிவப்பு மையால் எழுதப்பட்டுள்ளது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து மகன் வீட்டிற்கு வந்திருந்த மூதாட்டி ஒருவரை, எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி ஒரு நண்பகலில் அழைத்து வந்தாள். பெற்றோர் இருவரும் பணிக்குச் சென்றிருந்தனர். அண்டை வீட்டார் "வாயுவாக இருக்கும், ஓமத்தண்ணீர் கொடு" என்று சொல்லியிருந்தனர். சிறுமியும், "அப்பத்தாவுக்கு நெஞ்சு வலி, வாயுத் தொல்லையாம்" என்று இந்தியில் கூறினாள்.

"மகளே, நோயின் பெயரை நான் கண்டுபிடிக்கிறேன். அவர் சொல்வதை நீ அப்படியே சொல்" என்றார் மருத்துவர்.

சிறுமி திரும்பி, "அப்பத்தா, என்ன செய்யுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். மூதாட்டி மெல்லப் பேசினார்: "வலின்னு இல்ல ஆத்தா. நெஞ்சுமேல கல்லைத் தூக்கி வச்சாப்போல பாரமா இருக்கு. இடது கை இழுக்குது. வேர்த்துக் கொட்டுது."

சிறுமி ஒவ்வொன்றாக எடுத்துரைத்தாள். வலி இல்லை, கல் வைத்தாற்போன்ற பாரம், இடது கையில் இழுப்பு, வியர்வை. அவள் சொல்லி முடிப்பதற்குள் மருத்துவர் எழுந்துவிட்டார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். ஐயம் உறுதியாயிற்று. ஆஸ்பிரின் மாத்திரையைச் சவைத்து உண்ணச் செய்து, ஆம்புலன்ஸை வரவழைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். இதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயில் ஏற்பட்டிருந்த அடைப்பை அங்கே நீக்கினர். மாரடைப்பு எல்லார்க்கும் கடும் வலியாகவே வருவதில்லை. முதியோர்க்கும் சர்க்கரை நோயாளர்க்கும் அது பாரமாகவோ மூச்சுத் திணறலாகவோ வெறும் களைப்பாகவோ வரக்கூடும். அந்நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் அரியது.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகள் உடையதாகக் காட்டுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதாக அவர் சேர்ப்பது அருகிருந்து துணைசெய்பவரை. அன்று அந்தச் சிறிய அறையில் நான்காவது இடத்தில் நின்றவள் எட்டாம் வகுப்புச் சிறுமி. மருத்துவம் அவள் கற்றதில்லை. நாள்தோறும் அப்பத்தாவின் கதைகளைக் கேட்டு அவள் கற்றிருந்த தமிழே அங்குத் துணைசெய்தது.

சில வாரங்களுக்குப் பின் மூதாட்டி நடந்தே வந்து மருத்துவருக்கு நன்றி கூறினார். அவர் குறிப்பேட்டைத் திறந்து, சிவப்பு மையால் எழுதிய சொல்லைச் சிறுமியிடம் காட்டி, உச்சரிப்புச் சரிதானா என்று கேட்டார். 'பாரம்' என்று எழுதியிருந்தது. அதன் எதிரே, நோயின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், "காத்திருக்காதே" என்று மட்டும் இந்தியில் குறித்திருந்தார்.