முப்பத்தெட்டு விழுக்காடு

போன வருஷம் ஐப்பசி மாதம். வெளியே நல்ல மழை. இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு போன். எடுத்தால் அழுகைச் சத்தம்.

"டீச்சர்... நான்தான்."

பெயர் சொல்வதற்கு முன்பே குரல் தெரிந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்த பெண். நூற்றுக்கு நூறு வாங்கியவள். இப்போது வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். எங்கள் மதுராந்தகம் பக்கத்து ஏரிகள்தான் அவளுடைய ஆய்வுப் பொருள். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.)

ஆய்வேட்டை மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிறர் எழுத்தோடு ஒப்புமை 38 விழுக்காடு என்று வந்துவிட்டது. "கருத்துத் திருட்டுன்னு சொல்றாங்க டீச்சர். நான் திருடியா?" என்று கேட்டாள்.

விதி என்ன சொல்கிறது என்று முதலில் தேடிப் பார்த்தேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறை அது. ஒப்புமை 10 விழுக்காடு வரை என்றால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை போனால், திருத்திய பிரதியைக்கூட ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. எடுத்த இடத்தை முறையாகச் சொல்லி மேற்கோளாகக் காட்டிய பகுதிகளும், நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வராது.

ஆக, இவளுக்கு வழி இருக்கிறது. மறுநாள் போன் செய்து தைரியம் சொன்னேன். "ஏம்மா, அடுத்தவங்க எழுதினதை அப்படியே எழுதலாமா? உனக்குத் தெரியாதா?" என்றும் கேட்டுவைத்தேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "புக்ல இருக்கிற மாதிரியே எழுது, ஒரு வார்த்தை மாறினாலும் அரை மார்க் போயிடும்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க?"

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். சொந்த வாக்கியத்தில் விடை எழுதிய பிள்ளைகளைப் பாராட்டியதைவிட, "புத்தகத்தில் இப்படியா இருக்கு?" என்று சிவப்பு மையில் சுழித்ததுதான் அதிகம். தேர்ச்சி விழுக்காடு காட்ட வேண்டிய கட்டாயம் எனக்கும் இருந்தது. அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். நானும் கூடவே கற்றுக்கொண்டேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அவள் படித்த ஒரு நூலில், சோழர் காலத்தில் ஏரிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஊர்ச்சபையின் ஏரி வாரியத்திடம் இருந்தது என்று இருந்தது. இவள், "சோழர் ஆட்சியில் ஏரிகளைப் பேணும் கடமை ஊர்ச்சபையின் ஏரி வாரியத்திடம் இருந்தது" என்று எழுதியிருந்தாள். மூன்று சொற்களை மாற்றிவிட்டால் சொந்த வாக்கியம் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். ஆகாது. சட்டையின் பொத்தானை மாற்றினால் சட்டை நம்முடையது ஆகிவிடுமா?

"புத்தகத்தை மூடு. உனக்குப் புரிந்ததை எனக்குச் சொல்" என்றேன்.

தடுமாறினாள். "எந்த ஊர்ச்சபை? எந்த ராஜா காலம்? எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டேன். தெரியவில்லை. தேடிப் போனாள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. அதுவும் ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. அந்த ஒரு சபையை வைத்துச் சோழநாட்டு ஊர் எல்லாவற்றுக்கும் பேசிவிட முடியாது.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. "அப்போ எங்க ஊர் ஏரியை யார் பார்த்துக்கிட்டாங்கன்னு நான் தனியாத்தானே டீச்சர் தேடணும்?" என்றாள். ஆய்வு அங்கேதான் தொடங்கியது என்று சொல்வேன். காப்பியடித்த வாக்கியம் அவளை இந்தக் கேள்வியிடம் வரவிடாமல் தடுத்துவைத்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் இயலில் பத்துப் பக்கம் அருமையாக இருந்தது. எந்த மதகை எப்போது திறப்பது, கலங்கல் வழியும்போது யாருக்குச் சொல்லி அனுப்புவது, தண்ணீர் குறைந்தால் எந்த வயலுக்கு முதல் முறை என்றெல்லாம். மென்பொருள் அதில் ஒரு வரியைக்கூட அடையாளம் காட்டவில்லை.

"இது யார் சொன்னதும்மா?"

"எங்க ஊர் நீர்க்கட்டி தாத்தா, டீச்சர். நாலு நாள் கூடவே சுத்தினேன்."

"அவர் பேர் எங்கே?"

அவள் தலை குனிந்துகொண்டாள். புத்தகம் எழுதியவர்களுக்காவது அங்கங்கே அடிக்குறிப்பு இருந்தது. எண்பது வயதுவரை ஏரிக்கரையில் நடந்து சேர்த்த அறிவைக் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. 38 விழுக்காட்டில் வராத திருட்டு அதுதான். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. எழுதி அச்சில் வந்தால்தான் அறிவு என்று அவளுக்கும் நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம்.

தொல்காப்பியர் தமக்கு முன்னே இருந்தவர்கள் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது "என்ப", "என்மனார்" என்று வைத்துவிட்டுத்தான் போகிறார். இது நான் கண்டதல்ல, பெரியவர்கள் சொல்வது என்று ஒரே சொல்லில் கடனைத் தீர்த்துவிடுகிறார். இதைத் தமிழ் வகுப்பில் இலக்கணமாகப் படித்தோம். அதில் ஒரு நேர்மை இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை.

பங்குனியில் திருத்திய ஆய்வேட்டைக் கொடுத்தாள். ஒப்புமை 7 விழுக்காடு. ஐந்தாம் இயலின் முதல் அடிக்குறிப்பில் தாத்தாவின் பெயர், ஊர், வயது, பேசிய நாள் எல்லாம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் படித்துக் காட்டினாளாம். "என் பேரை எதுக்கும்மா போட்ட?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம்.

இதைப் படிக்கிறவர்களில் இன்னும் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் பலர் உண்டு. ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு கேள்விக்காவது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சொந்தமாக எழுதவிடுங்கள். தப்பும் தவறுமாகத்தான் வரும், பரவாயில்லை. கீழே ஒரு வரி, "இதை நான் எங்கிருந்து தெரிந்துகொண்டேன்" என்று எழுதச் சொல்லுங்கள். பாட்டி சொன்னது என்று எழுதினால் அதற்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள்.

நான் போடாமல் விட்ட மதிப்பெண்கள் அவை.