வரைபடத்தில் இல்லாத பாதை

தோட்டத்துக் கிராணிமாரிடம் ஒரு செருக்கு உண்டு. ஆங்கிலம் படித்தோம், துரையோடு நேரிற் பேசுகிறோம், ஆதலால் நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். அச்செருக்கு ஒரே மாலைப்பொழுதில் நம்மை விட்டு அகன்ற விதத்தை வாசகர் முன் வைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

நாம் வேலை பார்க்கும் தோட்டத்தின் ஒரு பகுதி விற்கப்பட்டது. செம்பனை நின்ற அம்மேட்டிலே வீடுகள் கட்ட, வாங்கியவர்கள் மாவட்ட மன்றத்தில் அனுமதி கோரினார்கள். மன்ற உறுப்பினருள் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்; சிறு வயதில் மாலை வேளைகளில் நமக்குத் தமிழ் கற்பித்தவரும் அவரே. ஒரு நாள் அந்தியில், சுருட்டிய வரைபடத்துடன் நமது வீட்டு அஞ்சடியில் வந்து அமர்ந்தார்.

“தம்பி, அடுத்த வாரம் குழுவில் இது வருகிறது. எனக்கு வண்ணந்தான் தெரிகிறது, வழி தெரியவில்லை” என்றார்.

வரைபடத்தை விரித்து அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நெஞ்சு துணுக்குற்றது. லயத்துப் பிள்ளைகள் நாள்தோறும் தமிழ்ப் பள்ளிக்கு நடந்து செல்லும் மண்பாதையின்மேல் ஒரு வீட்டு வரிசையும் ஒரு வெள்ளத்தடுப்புக் குளமும் வரையப்பட்டிருந்தன. அங்கே ஒரு பாதை உண்டென்பதற்கு அப்படத்தில் ஒரு கோடு கூட இல்லை.

இதனினும் பெரிய வெட்கம் ஒன்று காத்திருந்தது. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ எனும் வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில், அண்டை நிலத்தின் சொந்தக்காரருக்கு மன்றம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சொந்தக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் தொழிலாளி நிலத்துக்குச் சொந்தக்காரன் அல்லன். ஆகவே அறிவிப்பு தோட்ட ஆபீசுக்கு வந்தது. அதற்கு எண்ணிட்டுக் கோப்பில் வைத்து அலமாரியைப் பூட்டியவர் வேறு யாருமல்லர், நாமே. 21 நாளும் அலமாரிக்குள்ளேயே கழிந்துபோயின.

ஆசிரியரிடம் இதைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. “சரி, இப்போது என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டார். தோட்டத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு இக்காரியத்தில் இறங்குவதா என்ற அச்சம் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. ஆயினும் விடியுமுன் பாதையோரம் போய் நின்றோம். மூன்று காலை நின்று எண்ணினோம்; நாளொன்றுக்கு முப்பது பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பாதையின் போக்கை வரைபடத்திற் பென்சிலாற் குறித்து, செய்தியை மலாயில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம்.

ஆசிரியர் குழு கூடும்வரை காத்திராமல், முன்னதாகவே திட்டமிடல் பிரிவு அதிகாரியைச் சென்று கண்டார். அந்த அம்மையார் சினந்தாரில்லை. “இங்கே வழி உண்டென்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லையே” என்றாராம். மறுநாளே வந்து சேற்றில் நடந்து பார்த்தார். விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது, திருத்திய வரைபடத்தில் குளத்தின் கரையோரம் ஒரு நடைபாதை சேர்ந்தது. பழைய வழியைவிடச் சற்றுச் சுற்றுத்தான். ஆனாலும் பிள்ளைகள் பெருஞ்சாலையில் இறங்க வேண்டியதில்லை.

அன்பர்களே! நமது மன்ற உறுப்பினர்களை ஏசுவது எளிது. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்பின் உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகின்றனர். தலைவர் நீங்கலாக எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நான்கு பேருக்கு மேற்படாமலும் ஒரு மன்றத்தில் இருப்பர். வாக்குக் கேட்டு அவர்கள் நம் வாசலுக்கு வருவதில்லை. நாமும் அவர்கள் வாசலுக்குப் போவதில்லை. இடையிலே வரைபடம் மாத்திரம் நிறைவேறிவிடுகிறது. உறுப்பினர் கூட்டத்தன்று முழங்கிப் பயனில்லை. காகிதம் வந்தவுடன் இடத்தைச் சென்று காணவும், அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்கவும் அவருக்குத் துணை வேண்டும். படித்தவர் அத்துணையைச் செய்யாவிடில் வேறு யார் செய்வது?

மற்றொன்றும் உண்டு. வட்டாரத் திட்டத்தின் நகல் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபிக்க நான்கு வாரத்திற்குக் குறையாத தவணை உண்டு. அப்போது சொந்தக்காரர் மட்டுமே பேசலாம் என்ற கட்டில்லை; லயத்தார் எவரும் எழுதிக் கொடுக்கலாம். பள்ளியும் கோயிலும் இடுகாடும் எவ்வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன என்று அன்றே பார்த்துவிட வேண்டும். வீடு கட்ட விண்ணப்பம் வந்தபின் ஓடுவது, பந்தி முடிந்தபின் இலை தேடுவது போலாகும்.

நாம் செய்ததைத் துரை அறிந்து கேட்டார், உள்ளதைச் சொன்னோம். வேலை போகவில்லை, முகமலர்ச்சி மட்டும் சிறிது குறைந்தது. சில நாள் கழித்து அவரிடமே ஓர் அனுமதி கேட்டுப் பெற்றோம். இப்பொழுது மன்றத்திலிருந்து அறிவிப்பு எது வந்தாலும், கோப்பில் வைக்குமுன் காலைப் பிரட்டில் அதைத் தமிழில் வாசித்துச் சொல்கிறோம்.