சோறு கறியான கதை

நம்மவர் வீடுகளிற் சாப்பாடு என்னுஞ் சொல்லுக்குச் சோறு என்பதே பொருள். மத்தியானத்தில் இடியப்பமும் சொதியும் வயிறாற உண்டவரைப் பார்த்து, ‘இன்னுஞ் சாப்பிடவில்லையோ?’ என்று கேட்பாரும் உளர். இலையின் நடுவே சோறு வீற்றிருக்கும். பருப்பும் கீரையும் கத்தரிக்காயும் அதனைச் சூழ்ந்து நிற்கும். அவற்றுக்கு நாம் இட்ட பொதுப்பெயர் கறி. அவற்றின் தொழில் சோற்றை இறக்குவது. தலைமுறை தலைமுறையாக இது நடந்து வருவதால், இதனை ஒரு வழக்கமென்று எண்ணாமல் இயற்கையென்றே எண்ணிவிட்டோம். உடற்பருமனைக் குறைக்கும்பொருட்டு இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் வீட்டில் இருப்பாராயின், அவ்வீட்டில் முதலில் மாறவேண்டியது இவ்வழக்கமே. இதனை நாம் நூல்களிலிருந்து மட்டுமன்றி, எமது தாய்வீட்டு அடுக்களையிலிருந்தும் அறிந்துகொண்டோம்.

எமது தமக்கையார் 2023ஆம் ஆண்டு தை மாதத்தில், கொழும்பிலுள்ள வைத்தியசாலையொன்றில் இச்சிகிச்சையைச் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 49. நிறை 112 கிலோகிராம். நீரிழிவு தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கோயில் வீதியை ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை உட்காரவேண்டிய நிலை. இச்சிகிச்சையில் இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டியகற்றி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக விடுவர். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன் பெரும்பாலும் சுரப்பது அகற்றப்படும் அப்பகுதியிலேயாம். ஆகவே வயிறு சிறுப்பதோடு பசியும் தணிகின்றது. சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவைச் செலுத்தும் வேறொரு முறையும் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து வைத்தியர் எட்வேட் மேசன் 1966ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கிவைத்தார்.

இங்கே ஒன்றை நன்கு சிந்தித்தல் வேண்டும். வயிறு சிறுத்ததேயன்றி உடலின் தேவை அவ்வளவுக்குச் சிறுக்கவில்லை. உணவு குறையும்போது உடல் தன்னிடமுள்ள சேமிப்பைக் கரைக்கத் தொடங்கும். கரையவேண்டியது கொழுப்பு. உணவிற் புரதம் போதாவிடின், கொழுப்போடு தசையும் கரைந்துபோம். நிறை காட்டும் தராசு இவ்வேற்றுமையை அறியாது. நாலு கிலோ குறைந்தது என்று வீட்டார் மகிழ்ந்திருக்க, குறைந்ததிற் பாதி தசையாகவும் இருத்தல் கூடும். ஆகையாற்றான் இச்சிகிச்சை பெற்றவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதமாவது உண்ணவேண்டுமென வைத்தியர்கள் வற்புறுத்துகின்றனர். மாணவர்களுக்கு ஒரு செய்தி: புரதத்தைக் குறிக்கும் ‘புரோட்டீன்’ என்னும் பெயரை 1838ஆம் ஆண்டில் வெளியிட்டவர் முல்டர் என்னும் ஒல்லாந்து இரசாயனர். ‘முதலிடத்தது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. இச்சிகிச்சை பெற்றவரின் தட்டில் அப்பெயர் முற்றும் பொருந்துகின்றது.

சிகிச்சை முடிந்தவுடன் எல்லாவற்றையும் உண்ண இயலாது. முதலில் தெளிந்த நீராகாரம், பின்னர் பால் போன்றவை, அதன்பின் மசித்தவை, அதன்பின் மென்மையானவை என்று படிப்படியாக ஏறி, வழக்கமான உணவுக்கு வர ஆறு தொடக்கம் எட்டு வாரங்கள் செல்லும். தமக்கையார் இப்படிகளைக் குறைவின்றிக் கடந்து, யாழ்ப்பாணத்திலுள்ள எமது தாய்வீட்டுக்குத் திரும்பினார். இடர் அங்கேதான் தொடங்கியது. எமது அன்னையாருக்கு வயது 78. பிள்ளைக்கு அன்பு காட்ட அவர் அறிந்த வழி ஒன்றே. அது அகப்பையின் வழி. ஒரு சிறு தட்டில் நாலு கரண்டி உணவுடன் எழுந்து செல்லும் மகளைக் காண அவருக்குப் பொறுக்கவில்லை. “இன்னுமொரு வாய் பிள்ளை” என்பார். “ஏலாது அம்மா, நெஞ்சுக்குள்ள நிக்குது” என்பார் தமக்கையார். ஈற்றில் இருவருக்கும் இசைவாக வந்தது கஞ்சி. குழைந்த சோற்றுக்குச் சிறிது சொதி விட்டாற் சிரமமின்றி இறங்கும். தாய்க்கும் மனம் ஆறும். காலையிற் கஞ்சி, மத்தியானம் குழைசோறு, இரவில் இடியப்பமும் சொதியும் என நாட்கள் கழிந்தன.

நான்காம் மாதத்திற் சீப்பு நிறையக் கூந்தல் உதிர்ந்தது. படியேறினாற் களைப்பு, மாலையில் தலைச்சுற்று. விரைவாக நிறை குறையும்போது மூன்றாம் நான்காம் மாதங்களிற் கூந்தல் உதிர்தல் பலருக்கும் நேர்வதே. எனினும் புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தால் அது மிகும். அன்னையார் இதனைக் கண்டு, ‘சாப்பாடு போதவில்லை’ என்றார். அவர் சொன்னது உண்மையே. ஆனாற் போதாதது சோறன்று.

உயர்தர வகுப்பிற் கணிதம் கற்பிக்கும் எமக்கு, கணக்கொன்று எழுதிப் பார்த்தாலன்றி மனம் அடங்காது. தமக்கையார் ஒரு நாளில் உண்பவற்றையெல்லாம் எழுதிக் கூட்டினோம். புரதம் 20 கிராமை எட்டவில்லை. ஒரு பெரிய கோப்பைச் சோற்றில் உள்ளதே ஏறக்குறைய 4 கிராம் புரதந்தான். ஆனால் மாப்பொருளோ 45 கிராம். அரைக் கோப்பைக்கு மேற் கொள்ளாத வயிற்றிற் சோறு முதலிற் புகுந்தால், பருப்புக்கு இடமேது? பெரிய வயிறுள்ளவர் சோற்றையும் உண்டு பருப்பையும் உண்டு எப்படியோ சமாளித்துவிடுவார். சிறிய வயிறுள்ளவருக்கு முதலில் உண்பதே உணவு. பின்னர் வருவது பெரும்பாலும் தட்டிலேயே எஞ்சும்.

எமது வீடு மரக்கறி வீடு. மீன் உண்போருக்கு 100 கிராம் மீனிலேயே 20 கிராம் அளவு புரதம் கிடைத்துவிடும். ஒரு முட்டை 6 கிராம் தரும். எமக்கோ அவ்வழி இல்லை. ஆகவே போசணை நிபுணர் ஒருவரின் ஆலோசனையுடன் ஒரு நாளைக்குரிய திட்டம் வகுத்தோம். காலையில் நன்கு அவித்த பயறு அரைக் கோப்பை, 7 கிராம். முற்பகலில் ஒரு குவளைப் பாலில் ஆடை நீக்கிய பால்மா மூன்று மேசைக்கரண்டி கலந்து, 15 கிராம். மத்தியானம் உலர்ந்த நிறையில் 20 கிராம் சோயாமீற், 10 கிராம். நாலு மணிக்குச் சிறிது தயிர், 4 கிராம். இரவில் 50 கிராம் பனீர், 9 கிராம். படுக்குமுன் மீண்டும் பால்மா கலந்த பால், 15 கிராம். கூட்டினால் 60. இவை அண்ணளவானவையே, ஆளுக்காள் அளவு வேறுபடும். தத்தம் வைத்தியரைக் கேட்டே எவரும் வகுத்துக்கொள்ளல் வேண்டும். பயறு ஒரு நாள், பருப்பு ஒரு நாள், கடலை ஒரு நாள் என மாற்றிக்கொண்டால் நாவும் சலிக்காது.

அடுத்தது மரக்கறி. இங்கும் நம் வழக்கில் ஒரு மயக்கமுண்டு. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் வற்றாளையும் பலாக்கொட்டையும் கறியாய்ச் சமைக்கப்படுவதால் அவை மரக்கறிகளென்றே எண்ணுகின்றோம். தட்டிலே கறியாக நின்றாலும் உடலுக்குள்ளே அவை சோற்றின் உடன்பிறப்புகள். அவற்றை மாப்பொருட் கணக்கிலேயே சேர்க்கவேண்டும். மரக்கறியென்ற பெயருக்குரியவை கீரை, பூசணி, பீர்க்கு, புடோல், போஞ்சி, கரட் முதலியன. தொடக்கத்தில் அவற்றை நன்கு வேகவைத்தல் வேண்டும். வாழைத்தண்டின் நாரும் முருங்கைக்காயின் சக்கையும் அக்காலத்தில் ஒதுக்கற்பாலன. முருங்கையிலையைப் பொடியாய் அரிந்து பருப்போடு சேர்த்து மசிக்கலாம்.

அவ்வாறாயின் சோறு பகையா? அன்று. உடலுக்கு மாப்பொருளும் சிறிது வேண்டும். தவிடு நீங்காத சிவப்பரிசிச் சோறோ குரக்கன் பிட்டோ இரண்டு மேசைக்கரண்டி, ஈற்றில், இடமிருந்தால் உண்ணலாம். சீனியும் இனிப்புப் பானங்களுமே அஞ்சத்தக்கவை. அவை விரைவாகக் குடலினுட் சென்று வியர்வையும் படபடப்பும் வயிற்றோட்டமும் உண்டாக்குதல் கூடும். எனவே முதலிற் புரதம், அடுத்து மரக்கறி, ஈற்றிற் சோறு. நம் வீட்டில் இதுவரை பருப்பைத் தொட்டுக்கொண்டு சோற்றை உண்டோம். தமக்கையார் இப்போது சோற்றைத் தொட்டுக்கொண்டு பருப்பை உண்கின்றார். சோறு கறியாகிவிட்டது.

உண்ணும் முறையும் இதனோடு சேர்ந்ததே. சிறு கவளமாக எடுத்து, நன்கு மென்று, இருபது முப்பது நிமிடமாவது இருந்து உண்ணவேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது; உண்டபின் அரைமணி நேரம் கழித்தே அருந்தவேண்டும். வைத்தியர் கூறும் விற்றமின், இரும்பு, கல்சியக் குளிசைகளை வாழ்நாள் முழுவதும் கைவிடலாகாது. ஊன் உண்ணாதோருக்கு விற்றமின் பி12 குறைவது இன்னும் எளிது. தொடர்ந்து வாந்தி இருக்குமாயின் உடனே வைத்தியரை நாடவேண்டும். பி1 விற்றமின் சில வாரங்களிலேயே தீர்ந்து நரம்புகள் பழுதுறலாம். தீட்டிய வெள்ளரிசியையே உண்டோருக்கு நேர்ந்த பெரிபெரி நோயும் இவ்விற்றமின் குறைவினாலேயே வந்தது. அந்நோயை ஜாவாவில் ஆராய்ந்த எய்க்மன் என்பவர்க்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசில் வழங்கப்பட்டது.

இத்தனையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஆனால் அகப்பை அன்னையாரின் கையிலன்றோ இருக்கின்றது! கணக்கைக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. ஆயினும் மகளின் தட்டிற் சோறு குறைந்ததைக் கண்டு ஒவ்வொரு நாளும் கண் கலங்கினார். அவர் மனம் மாறியது கந்தசட்டியின்போது. அவ்வாண்டும் விரதம் நோற்கவேண்டுமெனத் தமக்கையார் விரும்பினார். முழுப்பட்டினி ஆகாது, சோற்றை விட்டுப் பாலும் தயிரும் பயறும் உரிய வேளைகளில் உண்பதாயின் நோற்கலாம் என்றார் போசணை நிபுணர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறு நாட்களும் பாலும் பழமும் மாத்திரம் அருந்தி நோற்று வருபவர் எமது அன்னையார். மூன்றாம் நாள் மாலை, தாயும் மகளும் எதிரெதிரே இருந்து பால் அருந்துகையில் அவர் தாமாகவே கூறினார்: “ஆறு நாள் சோறில்லாமல் நான் இருக்கிறன். அது எனக்கு ஒரு குறையாத் தெரியேல்லை. பிள்ளைக்கு மட்டும் சோறு சோறு எண்டு ஏன் நிக்கிறன்?”

நாம் எழுதிய எந்தக் கணக்கும் செய்யாததை அந்த விரதம் செய்தது. சூரன்போர் அன்று தமக்கையார் கோயில் வீதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார், இருக்கை தேடவில்லை. பதினெட்டு மாதங்கள் நிறைந்தபோது அவரது நிறை 80 கிலோகிராம். நீரிழிவு மருந்துகளை வைத்தியர் குறைத்திருந்தார். கூந்தலும் மெல்ல வளர்ந்துவிட்டது.

இத்தகையோர் உமது வீட்டில் இருப்பினும், விருந்துக்கு வரினும், அவர் இலையைக் கையால் மறைத்தால் வற்புறுத்தாதீர்கள். ஒரு கரண்டிக்கு மேலாக வரும் அன்பு அவருக்கு வேதனையே தரும். அவருக்கென அவித்த கடலையோ கட்டித் தயிரோ முன்னரே எடுத்துவைப்பின் அதுவே சிறந்த உபசாரம். எமது அன்னையார் இன்றும் தாமே பரிமாறுகின்றார். முதலிற் பருப்பை வைக்கின்றார். அடுத்துக் கீரையை வைக்கின்றார். பின்னர்ச் சோற்றுப் பானையைத் திறந்து, அகப்பையைக் கையிற் பிடித்தபடி, ‘எவ்வளவு பிள்ளை?’ என்று கேட்கின்றார். முன்னொருகாலும் அவர் அப்படிக் கேட்டதில்லை.