பன்னிரண்டு பெயர், ஒரே ஆள்

ஐந்தாம் நாள் காலையில் டிஸ்க் நிறைந்துவிட்டது. ஒரு டெராபைட் கொள்ளும் வெளி ஹார்ட் டிஸ்க். அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் கம்ப்யூட்டரில் காப்பாற்ற வேண்டியதெல்லாம் சேர்த்தே 212 ஜிபிதான். இருபது வருடமாகப் பிழை திருத்திக் கொடுத்த புத்தகங்களின் ஃபைல்கள், ஸ்கேன் செய்து வைத்த பழைய இதழ்கள், வீட்டுப் படங்கள். தினமும் ராத்திரி பதினொன்றுக்குத் தானாக பேக்கப் எடுக்கும்படி ஒரு வரிக் கட்டளை எழுதி வைத்திருந்தேன். தேதி போட்ட ஃபோல்டர் நான்கு வந்தன. ஐந்தாவது பாதியில் நின்றுபோய், 'இடமில்லை' என்றது.

212ஐ நான்கால் பெருக்கினால் 848. கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டளையை எனக்குச் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் கடைத் தம்பி வேறு கணக்கல்லவா சொல்லியிருந்தான். "முதல் நாள் மட்டும்தான்ணே முழுசா எடுக்கும். அப்புறம் மாறினது மட்டும்தான் இடம் பிடிக்கும். ஆனா ஒவ்வொரு ஃபோல்டரைத் திறந்தாலும் முழுசா இருக்கும்." எப்படி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவனிடம் நான் போனதே ஒரு சாவு வீட்டுக்காரனாகத்தான். ஐப்பசி மழை நாளில் கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய டிஸ்க் 'டக்... டக்...' என்று நாக்கைச் சப்புக்கொட்டுவது மாதிரி சத்தம் போட ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. கையில் தூக்கிக்கொண்டு போனேன்.

"பேக்கப் இருக்காண்ணே?"

"பென் டிரைவ்ல கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா?"

நான் பதில் சொல்லவில்லை. பெரும்பாலானவை பென் டிரைவிலும், ஆட்களுக்கு அனுப்பிய மெயில்களிலும் சிதறிக் கிடந்து திரும்பி வந்தன. ஒரு தன்வரலாற்றின் இரண்டாம் புரூஃப் மட்டும் வரவேயில்லை. பதினோரு நாள் வேலை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் மென்பொருள் தேட ஆரம்பித்தேன். எது நல்லது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பெயர் சொல்வார்கள். எடுத்த பேக்கப்பை என்றைக்காவது திருப்பி இறக்கிப் பார்த்ததுண்டா என்று கேட்டால் பேச்சு அடங்கிவிடும். நான் வைத்திருப்பது லினக்ஸ் மின்ட். அதோடு கூடவே வருகிற டைம்ஷிஃப்ட் என் கண்ணில் முதலில் பட்டது. நல்லவேளை, முதல் திரையிலேயே படித்துவிட்டேன்: அது இயங்குதளத்தைக் காப்பாற்றுவதற்கானது, சொந்த ஃபைல்கள் இருக்கும் வீட்டு ஃபோல்டரை நாமாகச் சொன்னாலொழிய அது தொடாது. டேஜா டூப் என்பதையும் பார்த்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் அது எடுத்து வைப்பதை அதையே வைத்துத்தான் திறக்க வேண்டும். எனக்கோ ஃபோல்டரைச் சொடுக்கினால் ஃபைல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் தம்பி சொன்ன ஆர்சிங்க் கட்டளை பிடித்திருந்தது.

நிறைந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். செருகிப் பார்த்தான், சிரித்தான்.

"ஃபார்மட் பண்ணலையாண்ணே? வாங்கினபடியே எக்ஸ்ஃபேட்ல இருக்கு. இதுல லிங்க் விழாது."

டிஸ்க் கம்பெனிகள் பலவும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்கட்டும் என்று எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்து அனுப்புவது வழக்கம். தம்பி சொன்ன வித்தைக்குத் தேவையான ஒரு வசதி அந்த முறையில் கிடையாது. எனவே ஆர்சிங்க் வாய் திறக்காமல் தினமும் முழுப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. லினக்ஸின் சொந்த முறைக்கு டிஸ்க்கை மாற்றித் தந்தான். அன்று ராத்திரி 212 ஜிபி ஏறியது. மறுநாள் 300 எம்பிகூட ஏறவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு ஃபோல்டர். எதைத் திறந்தாலும் முழுசாக இருந்தது. ஒவ்வொன்றாக அளந்தால் ஒவ்வொன்றும் 212 ஜிபி என்றது. டிஸ்க்கிலோ பாதிக்கு மேல் காலி இடம்.

பிழை திருத்துகிறவனுக்குக் கணக்கு இடித்தால் தூக்கம் வராது. இது யார் யோசனை என்று தேடப் புறப்பட்டேன்.

முதல் சந்தேகம் ஆர்சிங்க் மேல்தான் விழுந்தது. அதன் ஊர் ஆஸ்திரேலியாவின் கான்பெரா. 1996 ஜூனில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் என்ற இருவர், அங்குள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து அதைப் பற்றி ஒரு சிறு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டார்கள். ட்ரிட்ஜெல், விண்டோஸ் கம்ப்யூட்டரும் யூனிக்ஸ் கம்ப்யூட்டரும் ஃபைல் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பாவை எழுதியவரும்கூட. ஆர்சிங்க் பிறகு அவருடைய 1999ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் சேர்ந்தது. அந்த ஏட்டின் முன்பாதி முழுக்கத் தரவுகளை வரிசைப்படுத்தும் வேலையைப் பற்றியது.

அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் என் தொழிலுக்கு வெகு பக்கத்தில் இருந்தது. ஒரே புத்தகத்தின் பழைய புரூஃப் உங்களிடம், திருத்திய புரூஃப் என்னிடம். நடுவில் இருப்பது மெதுவான டெலிபோன் கம்பி. முழுப் புத்தகத்தையும் வாசித்துக் காட்டாமல் மாறியதை மட்டும் எப்படிச் சொல்வது? ஒரே கம்ப்யூட்டரில் இரண்டும் இருந்தால் ஒப்பிட்டுவிடலாம். இங்கே இரண்டும் ஒரே மேசைக்கு வரவே முடியாது.

வழி இது. நீங்கள் உங்கள் பிரதியைச் சமமான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டெண் போட்டு, எண்களை மட்டும் எனக்கு அனுப்புகிறீர்கள். நான் அதே அளவு ஜன்னல் ஒன்றை என் பிரதிமேல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துகிறேன். நடுவில் நான் ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் அதற்குப் பின் எல்லாமே இடம் தள்ளிப் போயிருக்குமே, அதற்குத்தான் இந்த நகர்த்தல். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்டினால் விடிந்துவிடும். அதனால் ஜன்னலுக்குப் பின்னால் போன எழுத்தைக் கழித்து, முன்னால் வந்ததைக் கூட்டுகிற மாதிரி அந்தக் கூட்டெண்ணை அமைத்தார்கள். அது பொருந்தினால் இன்னும் கறாரான, 128 பிட் நீளமுள்ள இரண்டாவது எண்ணால் சரிபார்ப்பு. சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று லினக்ஸ் கருநிரலின் இரண்டு பதிப்புகள். ஒவ்வொன்றும் 24 எம்பி அளவு. பழையதில் இருந்த 2,441 ஃபைல்களில் 291 மாறியிருந்தன. எனக்குக் கை அரித்தது. ஒரு புத்தகத்தின் இரண்டு புரூஃபை இப்படி ஒப்பிட்டுப் பார்க்க யாராவது ஒரு கருவி செய்து தந்தால் கண்ணாடி நம்பர் கூடாமல் இருக்கும்.

அன்று ராத்திரி ஆர்சிங்கின் கையேட்டைப் புரட்டும்போது ஒரு வரியில் இடறினேன். எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் இந்த வித்தையை அது பயன்படுத்தாதாம். மாறிய ஃபைலை முழுசாக எழுதிவிடுமாம். நியாயம்தான். மிச்சப்படுத்த வேண்டியது டெலிபோன் கம்பி. ஒரு முழ யூஎஸ்பி வயரில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதைவிட முழுசாக நகலெடுப்பதே சீக்கிரம் முடியும். ஆக, என் வீட்டு டிஸ்க்கில் ஆர்சிங்க் செய்வது கிராமத்துக் கணக்குப்பிள்ளை வேலை: ஃபைலின் அளவு அதேயா, கடைசியாகத் திருத்திய நேரம் அதேயா, சரி, அடுத்தது. உள்ளே திறந்துகூடப் பார்ப்பதில்லை. கான்பெராவின் பெருமை என் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் பன்னிரண்டு ஃபோல்டரை நிறைப்பது யார்?

2000களின் தொடக்கத்தில் மைக் ரூபெல் என்பவர் எழுதிய ஒரு விளக்கம் இந்த வட்டாரத்தில் பிரசித்தம். நேற்றைய பேக்கப் ஃபோல்டரை அப்படியே 'நகல்' எடு, ஆனால் ஃபைல்களை நகலெடுக்காமல் லிங்க் மட்டும் போடு, அதன்மேல் ஆர்சிங்கை ஓட்டு என்பது அதன் சாரம். ஆர்சிங்க் மாறிய ஃபைலைப் பழையதன்மேலேயே எழுதாது. தனியாகப் புதிதாய் எழுதி முடித்து, பிறகுதான் அந்தப் பெயரை அதற்கு மாற்றும். அதனால் நேற்றைய ஃபோல்டரில் இருக்கும் பழையது கலையாமல் நிற்கிறது. பின்னாளில் ஆர்சிங்கே இதற்கென்று ஒரு தேர்வைச் சேர்த்துக்கொண்டது. தம்பி எழுதிக்கொடுத்த வரியில் இருப்பது அதுதான். 2007இல் ஆப்பிள் கொண்டுவந்த டைம் மெஷினும் இதே லிங்க்கை ஃபைலோடு நிறுத்தாமல் முழு ஃபோல்டருக்கும் நீட்டித்தான் வேலை செய்தது.

லிங்க் என்றால் என்ன என்று பார்க்க, முதல் நாள் ஃபோல்டரிலும் பன்னிரண்டாம் நாள் ஃபோல்டரிலும் இருந்த ஒரே அட்டைப்படத்தின் விவரங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் ஐநோடு என்று ஓர் எண் உண்டு. இரண்டிலும் எண் ஒன்றே. பக்கத்தில் '12' என்று இன்னொரு எண். இந்த ஃபைலுக்குப் பன்னிரண்டு பெயர் இருக்கிறது என்று பொருள். எங்கள் மாமாவுக்கு வீட்டில் ராசு, ரேஷன் கார்டில் ராஜேந்திரன், குலசாமி கோயிலில் வைத்த பேர் கருப்பண்ணன். மூன்று பேரையும் பந்திக்குக் கூப்பிட்டால் ஓர் இலைதான் போட வேண்டும்.

பெயர் வேறு, ஃபைல் வேறு என்று பிரித்து வைத்தவர்கள் நியூஜெர்சியில் பெல் லேப்ஸில் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும். 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே லிங்க் போடும் கட்டளை இருக்கிறது. அதற்கும் முந்தைய கதையை ரிட்சி 1979இல் சிட்னியில் நடந்த ஒரு மாநாட்டில் வாசித்த கட்டுரையில் சொல்கிறார். (மறுபடி ஆஸ்திரேலியா. தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சந்தோஷம்.) 1969இல் பிடிபி-7 என்ற கம்ப்யூட்டரில் பிறந்த முதல் யூனிக்ஸில் 'இந்த ஃபோல்டருக்குள் அந்த ஃபோல்டர், அதற்குள் இந்த ஃபைல்' என்று சாய்கோடு போட்டு விலாசம் எழுதும் வழியே கிடையாது. நிற்கிற ஃபோல்டரில் உள்ளதை மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். பக்கத்து ஃபோல்டரில் இருப்பது வேண்டுமென்றால் அதற்கு இங்கே ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர்தான் லிங்க். விலாசம் எழுத முடியாத குறையைத் தாங்கிக்கொள்ள உதவிய முக்கிய வழி அதுதான் என்கிறார் ரிட்சி.

லிங்க் பிறந்தபோது அதில் பேக்கப் என்ற எண்ணமே இல்லை. விலாசம் வந்த பிறகும் லிங்க் போகவில்லை. வேலை போன ஆள் வீட்டிலேயே இருந்துவிட்ட மாதிரி முப்பது வருடம் இருந்து, அப்புறம் இந்த வேலைக்கு வந்திருக்கிறது.

தேடல் இங்கே முடிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கை சும்மா இருக்கவில்லை. வேண்டாத ஒரு ஃபைலைத் தேர்ந்து, முதல் நாள் ஃபோல்டரில் அதன் கடைசியில் ஒரு புள்ளியைச் சேர்த்தேன். பன்னிரண்டாம் நாள் ஃபோல்டரைத் திறந்தேன். அங்கேயும் புள்ளி. ஏழாம் நாளில், மூன்றாம் நாளில், எங்கும் புள்ளி.

நான் பன்னிரண்டு பிரதி என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரே பிரதி. அந்த ஃபைல் கிடக்கும் இடத்தில் டிஸ்க் அரித்தால் பன்னிரண்டு நாளும் சேர்ந்து அரிக்கும். கணக்குப்பிள்ளைக்கோ அளவும் நேரமும் சரியாக இருந்தால் போதும். உள்ளே அரித்திருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நேற்று தவறுதலாக அழித்ததை இன்று மீட்க இந்த முறை அருமை. டிஸ்க் செத்தால் கூடவே போகும்.

இரண்டாவது டிஸ்க் வாங்கினேன். அதில் வேறு முறையில் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரே கண்ணால் இரண்டு தடவை பிழை பார்த்தால் அதே பிழைதான் தப்பும். ரெஸ்டிக் என்ற மென்பொருளைப் பிடித்தேன். முன்பு டேஜா டூப்பைத் தள்ளிய காரணம் இதற்கும் பொருந்தும்: இதையும் இதை வைத்துத்தான் திறக்க முடியும். ஆனால் திறந்து பார்க்கத்தான் முதல் டிஸ்க் இருக்கிறதே. ரெஸ்டிக் ஃபைல்களைச் சராசரியாக ஒரு எம்பி அளவுத் துண்டுகளாக வெட்டி, துண்டின் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டு அதையே அதற்குப் பெயராக வைக்கிறது. உள்ளே ஒரு பிட் மாறினாலும் பெயர் பொருந்தாது. முழுக்கப் படித்துச் சரிபார் என்று சொன்னால் ஒவ்வொன்றையும் படித்து, கெட்டதைக் காட்டிக்கொடுக்கும். எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய அது பயன்படுத்துவது, ஃபைல்மேல் நகரும் ஒரு ஜன்னல். கான்பெராவின் ஜன்னல் இல்லை. மைக்கேல் ராபின் 1981இல் தந்த கணக்கு. தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் படித்தபோது வாசலில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டியே வைக்கும். பாஸ்வேர்டு மறந்தால் கடவுளே வந்தாலும் திறக்காது. மளிகைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி, அது என்ன என்று வீட்டிலும் சொல்லி வைத்தேன். முதல் முறை எடுத்து முடித்ததும் பதினோரு நாள் வேலையைத் தின்ற அந்தத் தன்வரலாற்றின் புதிய புரூஃபை மட்டும் வேறு ஃபோல்டரில் இறக்கிப் பார்த்தேன். வந்தது. 214ஆம் பக்கத்தில் 'பள்ளிகூடம்' என்று ஒற்று விட்டுப்போயிருந்தது. அதுவும் பத்திரமாக வந்தது.

அந்த டிஸ்க் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்து பேக்கப் எடுத்துவிட்டு, திரும்ப அக்கா வீட்டில் கொடுத்துவிடுகிறேன். முதல் தடவை மஞ்சப்பையில் சுற்றிக் கொடுத்தபோது கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"என்னடா இது, இவ்வளவு லேசா இருக்கு? காலியா?"

"நிறைய இருக்குக்கா. தண்ணி படாம வை."

பீரோவில் நகைப் பெட்டிக்கும் பத்திரத்துக்கும் நடுவில் வைத்துப் பூட்டினாள். "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.