இலக்கத் தகடு சொல்லும் கதை

வாகனங்களின் இலக்கத் தகட்டைப் பெண்களாகிய நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அது ஆண்களின் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால், நம் நாட்டின் கண்ணீர்க் கதையில் ஒரு பகுதி அந்தச் சிறு தகட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது, சகோதரிகளே!

என் வாப்பாவின் பழைய மொரிஸ் மைனர் காரில் ‘ஈ.எல்.’ என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களிலிருந்து இரண்டிரண்டாக எடுத்து அக்காலத்தில் இலக்கமிட்டார்கள். சீ.ஈ., ஈ.என்., ஈ.வை. எல்லாம் அப்படி வந்தவைதாம். அவற்றால் எவர் மனமும் நோகவில்லை.

1956ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதையடுத்து, 1957ல் இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து ஏறியது. தமிழரசுக் கட்சியினர் அதற்குப் பதிலாகத் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதும் போராட்டத்தைத் தொடங்கினர். 1958 ஜனவரியில் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. சிங்கள ஸ்ரீ பொறித்த அதன் பஸ்கள் வடக்கே போனதும் போராட்டம் மீண்டும் மூண்டது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மீது தார் பூசினார்கள். எங்கள் மூத்தாப்பாவின் கடைப் பலகையும் தமிழில்தான் இருந்தது. அதையும் தார் விட்டுவைக்கவில்லை என்று உம்மா சொல்வார். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் நாடு பற்றி எரிந்தது.

கலவரத்துக்கு அந்த எழுத்து மட்டுமே காரணமல்ல. ஆயினும், பாமரருக்கும் கண்ணில் படும்படி ஓடித்திரிந்தது அதுதான்.

பிற்காலத்தில் ஸ்ரீ மறைந்து, வெறும் இலக்கங்கள் வந்தன. 2000ல் முன்புறம் வெள்ளை, பின்புறம் மஞ்சள் என்று புதிய தகடுகள் வந்தபோது, ஆங்கில எழுத்துக்களுடன் மாகாணக் குறியீடும் சேர்ந்தது. கணவரின் தொழில் காரணமாக நாங்கள் அப்போது கிழக்கில் குடியிருந்தோம். எங்கள் வேனில் ‘ஈ.பீ.’ என்று கிழக்கு மாகாணக் குறியீடு இருந்தது. யுத்த காலத்தில் கொழும்புக்குப் போகும் வழியில், ‘டபிள்யூ.பீ.’ வாகனங்கள் எங்களைக் கடந்து செல்ல, நாங்கள் கைக்குழந்தையுடன் சோதனைச் சாவடியில் இறங்கி வெயிலில் நிற்போம். 2023 ஜனவரியிலிருந்து அந்த மாகாணக் குறியீடும் தேவையில்லை என்றாகிவிட்டது.

முச்சக்கர வண்டியில் ஏறும்போது அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளும்படி என் மகள்மாருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தகட்டின் வேலை அவ்வளவுதான். இது எந்த வாகனம் என்று அது சொன்னால் போதும். உள்ளே இருப்பவர் எந்த ஊர், எந்த இனம் என்று சொல்ல வேண்டியதில்லை.