பகுதிநேர கார் டிடெய்லிங்: விலை போடுவது எப்படி?

விலை போடுவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பக்கத்துக் கடைக்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதில் இருநூறு ரூபாய் குறைத்துப் போடுவது. இன்னொன்று, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவது. பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுக்கு காஸ்ட் அக்கவுன்டிங் பாடத்தைப் பரீட்சைக்கு வெளியே பயன்படுத்த ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடுவானா? நான் பேப்பர் பேனா கட்சி.

நானும் என் நண்பனும் மடிப்பாக்கத்தில் சனி, ஞாயிறுகளில் வீடு தேடிப் போய் கார் டிடெய்லிங் செய்கிறோம். நண்பனின் அப்பா டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அதனால் கைவேலை அவனுக்கு நன்றாக வரும். கணக்கு என் பொறுப்பு.

டிடெய்லிங் என்றால் என்ன, கார் கழுவுவதுதானே என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கழுவினால் மேலே இருக்கும் தூசி போகும். பெயின்டில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துகளும், போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன வெள்ளைப் புள்ளியும் போகாது. இரும்புத் துகளுக்கென்று ஒரு திரவம் இருக்கிறது. தெளித்தால் ஊதா நிறமாக மாறி வழியும். அதன் பிறகு க்ளே பார் என்ற களிமண் கட்டியால் பெயின்டைத் தேய்த்து எடுத்து, மேலே மெழுகு பூச வேண்டும். உள்ளே சீட், கார்பெட், ஏசி துவாரம், கதவு இடுக்கு என்று பிரஷ்ஷும் வேக்குவமுமாகத் தனி வேலை இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்ததுதான் டிடெய்லிங்.

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு ஹேட்ச்பேக், உள்ளும் வெளியும் முழு வேலை என்று வைத்துக்கொள்வோம்.

ஷாம்பூ, இரும்பு எடுக்கும் திரவம், க்ளே, மெழுகு, உட்புற க்ளீனர் எல்லாம் சேர்த்து 220 ரூபாய். மைக்ரோஃபைபர் துணி தேய்மானமும் துவைக்கும் செலவும் 40. வண்டிக்குப் பெட்ரோல் 60.

அடுத்தது தேய்மானம். பிரஷர் வாஷர், வேக்குவம், பாலிஷ் மெஷின், வாளிகள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று நாங்கள் போட்ட முதல் 26,000 ரூபாய். இரண்டு வருடம் உழைக்கும் என்று வைத்தோம். வருடத்துக்கு 52 வாரம் இருந்தாலும் செமஸ்டர் பரீட்சையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் போக 40 வாரம்தான் தேறும். வாரத்துக்கு இரண்டு கார் என்றால் இரண்டு வருடத்தில் 160 கார். ஒரு காருக்கு ஏறக்குறைய 165 ரூபாய். ஆக, கையை விட்டுப் போகிற காசு மட்டும் 485 ரூபாய்.

இதுவரை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். தகராறு அடுத்த வரியில்தான்: எங்கள் நேரத்துக்கு என்ன விலை?

காரில் கை வைக்கும் நேரம் மூணேகால் மணி. இரண்டு பேர் என்பதால் ஆறரை. போகவர, சாமான் இறக்கி ஏற்ற, துணிகளைத் தனியாக (கம்ஃபோர்ட் போடாமல்! போட்டால் தண்ணீர் உறிஞ்சாது) துவைக்க இன்னும் ஒன்றரை. மொத்தம் 8 மணி நேர உழைப்பு. வார இறுதியில் சாப்பாடு டெலிவரிக்குப் போகும் வகுப்புத் தோழன் ஒருவனுக்குப் பெட்ரோல் போக மணிக்கு 80 முதல் 100 ரூபாய் நிற்கிறது. அந்த நேரத்தில் நாங்களும் அதற்குப் போயிருக்கலாம் இல்லையா? பாடப் புத்தகத்தில் வரும் வாய்ப்புச் செலவு என்பது இதுதான். மணிக்கு 100 என்று வைத்தால் 800 ரூபாய். இரண்டும் சேர்த்து 1,285. பாட்டில் கவிழ்வது, பிரஷ் உடைவது, திருப்தி இல்லாமல் மறுபடி கூப்பிடுவது போன்றவற்றுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 1,478. நாங்கள் வாங்குவது 1,500.

இதே முறையில் உட்புறம் மட்டும் என்றால் 950. இன்னோவா மாதிரி மூன்று வரிசை வண்டிக்கு 1,950. நீளத்தை வைத்து இந்த வித்தியாசம் இல்லை. மூன்றாவது வரிசை சீட்டுக்கு அடியில் குழந்தைகள் போட்டுவைத்த முறுக்குத் தூளை வைத்துத்தான். :)

"பாட்டா விலை மாதிரி 1,499 போடேன்டா" என்றான் நண்பன். ஜிபேயில் ஒரு ரூபாய் குறைத்து அனுப்புவதால் யாருக்கும் லாபம் இல்லை என்று விட்டுவிட்டோம். ஆனால் ஒரு மார்க்கெட்டிங் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மூன்று விலை இருந்தால் ஜனங்கள் நடுவில் இருப்பதை எடுக்கும் போக்கு இருக்கிறது என்று 1989-ல் இட்டமார் சைமன்சன் ஓர் ஆய்வு எழுதினார். எங்கள் பட்டியலிலும் மூன்று வரிகள்: உட்புறம், முழு வேலை, பாலிஷ்.

அந்த பாலிஷுக்கு மட்டும் ஃபோனில் விலை சொல்வதில்லை. பெயின்டுக்கு மேலே இருக்கும் க்ளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியை விட மெல்லியது. கீறலை எடுப்பது என்றால் அதைச் சுற்றியுள்ள க்ளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான். ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை பாலிஷ் போட்ட வண்டியில் கை வைக்கவே யோசிக்க வேண்டும். அதனால் நேரில் பார்த்துத்தான் விலை. நாய் முடி, வாந்தி, பெசன்ட் நகர் பீச் மணல் இதற்கெல்லாம் கூடுதலாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 250. வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம்.

ஜிஎஸ்டி உண்டா என்று சிலர் கேட்பார்கள். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு இங்கே பதிவு கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. எங்கள் ஆண்டு விற்றுமுதல் ஏறக்குறைய 1,20,000. இருபது லட்சத்துக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். "நீங்க பசங்கதானே, பாக்கெட் மணிக்குத்தானே செய்யறீங்க, 800 வாங்கிக்கோங்க" என்று பலர் சொல்கிறார்கள். 800-ல் செலவு 485 போனால் மிச்சம் 315. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 39 ரூபாய். அப்பா ஃபீஸ் கட்டுகிறார், அம்மா சோறு போடுகிறார், அதனால் என்னால் 39 ரூபாய்க்கு உழைக்க முடியும். அந்த வசதி எல்லோருக்கும் இல்லையே?

எங்கள் ஏரியா அபார்ட்மென்ட்களில் தினமும் காலை ஐந்து மணிக்கு வந்து கார் துடைக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். ஒரு காருக்கு மாதம் 600 ரூபாய், மொத்தம் 22 கார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தனியாக 150. இரண்டு பிள்ளைகளின் படிப்பு அதில்தான் ஓடுகிறது. பட்டியலை அச்சடிக்கும் முன் அவரிடம் காட்டினோம். படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, சீட்டு, கார்பெட்டு, பாலிஷு எல்லாம் நீங்க பண்ணுங்க. அதுக்கு எனக்கு நேரமும் இல்ல, மிஷினும் இல்ல. வெறும் வாட்டர் வாஷ் மட்டும் போர்டுல போட்டுடாதீங்க. நீங்க நூறு ரூபான்னு போட்டா, மறுநாள் என்கிட்டயும் நூறு ரூபாதான் குடுப்பாங்க."

அதனால்தான் எங்கள் பட்டியலில் வாட்டர் வாஷ் என்ற வரியே கிடையாது. ஒரு சங்கச் செயலாளர், "ஞாயித்துக்கிழமை வாஷ் நூறு ரூபாய்க்குப் பண்ணுங்க, இருபது வண்டி நிச்சயம்" என்று ஆசை காட்டினார். வாரம் 2,000 ரூபாய்! நண்பன் என் முகத்தைப் பார்த்தான், நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த மாதம் அவனுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. இருந்தாலும் அவன்தான் முதலில், "அது அந்த அண்ணன் பண்றது சார்" என்றான். இப்போது அண்ணன் சொல்லி வரும் ஒவ்வொரு காருக்கும் அவருக்கு 100 ரூபாய் கொடுக்கிறோம். அந்த 15 சதவீதத்திலிருந்துதான். எந்த வண்டி உள்ளே நாறுகிறது என்று அவரை விட யாருக்குத் தெரியும்?

சொந்தக்காரர்கள் விஷயமும் உண்டு. "நம்ம பையன்தானே" என்று வரும் மாமாக்களுக்கும் பில் 1,500 என்றுதான் எழுதுவேன். கீழே என் கூலி 400-ஐக் கழித்து 1,100 என்று போடுவேன். அவர் எனக்குத்தான் மாமா, நண்பனுக்கு இல்லையே. அவன் பங்கில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது. முழு விலையையும் எழுதிக் காட்டுவதற்குக் காரணம், மாமா இன்னொருவரிடம் சொல்லும்போது 1,100 என்று சொல்லிவிடக் கூடாது.

பகுதிநேரமாக ஏதாவது செய்ய நினைக்கும் நண்பர்களுக்கு, அது டியூஷனோ கேக்கோ எதுவானாலும், நான் சொல்வது இதுதான். சாமான் செலவை எழுதுங்கள். தேய்மானத்தை எழுதுங்கள். அடுத்த வரியில் உங்கள் மணி நேரங்களை எண்ணி எழுதுங்கள். அந்த இடத்தில் பூஜ்யம் போட்டால் நீங்கள் தாராள மனசுக்காரர் ஆகிவிட மாட்டீர்கள். அதே வேலையை வயிற்றுக்காகச் செய்கிற ஒருவருடைய கூலியையும் சேர்த்துத்தான் குறைக்கிறீர்கள். நமக்கு டிகிரி முடிந்ததும் வேறு வேலை கிடைக்கும். அவர் அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கும் அதே வாளியோடு வந்தாக வேண்டும்.