வைவாவில் வாங்கின பல்பு!

பிராக்டிகல் எக்ஸாம்ல பல்பு வாங்கின அனுபவம் உண்டா பாஸ்? நான் வாங்கினது ஆயிரம் வாட்ஸ்!

ப்ளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். காலேஜ் முதல் வருஷ கெமிஸ்ட்ரி வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டார்: "டேனியல் செல்லில் எது ஆனோடு?"

ஆனோடு என்றால் நேர்மின்வாய். ஸ்கூலில் உருப்போட்டது. "பிளஸ் பக்கம் இருக்கிற காப்பர் சார்" என்றேன் கெத்தாக.

"ஆக்சிடேஷன் எங்கே நடக்கும்?"

"ஆனோடில் சார்."

"இதில் எலெக்ட்ரானை இழப்பது எது?"

"ஜிங்க் சார்."

"அப்போ?"

பேந்தப் பேந்த விழித்தேன். பின்னால் யாரோ, "தமிழ் மீடியம்டா..." என்று சிரித்தார்கள். அன்னிக்கு ராத்திரி, டி.சி. வாங்கிட்டு ஊருக்கே போயிடலாமான்னு இருந்தது.

போகலை. லைப்ரரிக்குப் போனேன்.

ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களை 1834-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன், பைண்டிங் கடையில் வேலை பழகியவர், கல்லூரியில் படிக்காதவர். அவரே சொல் கிடைக்காமல், கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெலுக்குக் கடிதம் போட்டுத்தான் வாங்கினார். கிரேக்கத்தில் 'மேலேறும் வழி', 'கீழிறங்கும் வழி' என்று அர்த்தம். பிளஸ்ஸும் இல்லை, மைனஸ்ஸும் இல்லை!

காப்பர் சல்ஃபேட் கரைசலில் ரெண்டு காப்பர் தகட்டை வைத்து மின்னாற்பகுப்பு செய்யுங்கள். பிளஸ் தகட்டிலிருந்து பேட்டரி எலெக்ட்ரானைப் பிடுங்கும். காப்பர் அயனியாகிக் கரையும். இது ஆக்சிஜனேற்றம். மைனஸ் தகட்டில் ஒவ்வொரு காப்பர் அயனியும் ரெண்டு எலெக்ட்ரான் வாங்கி, மறுபடி காப்பராகப் படியும். இது ஒடுக்கம். அரை ஆம்பியர் அரை மணி நேரம் ஓடினால், சுமார் 0.3 கிராம் இடம் மாறியிருக்கும். கரைவதும் படிவதும் சமம் என்பதால் நீல நிறம் மங்காது.

டேனியல் செல்லில் பிடுங்க ஆள் கிடையாது. ஜிங்க் தானாகவே எலெக்ட்ரானைக் கொடுக்குது. அது அங்கே சேர்வதால் ஆனோடு மைனஸ். வேலை அதேதான், குறி மட்டும்தான் மாறுது.

ஆனோடு, ஆக்சிஜனேற்றம். ரெண்டுக்கும் முதல் எழுத்து 'ஆ'. இங்கிலீஷில்கூட இந்த வசதி கிடையாது பாஸ்!

அடுத்த செமஸ்டரிலும் மின்வாய் கேள்விதான் வந்தது. தமிழில் யோசித்து, தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னேன். யாரும் சிரிக்கலை.

உங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இப்படி முழிப்பான். மூளை இல்லாமல் இல்லை, ஒரே ஒரு சொல் அவனை வழி மாத்தி விட்டிருக்கும். சிரிக்காம, அந்த 'ஆ'வைச் சொல்லிக் கொடுங்க. ப்ளீஸ்!